கழுகைக் காக்க வேண்டிய இடம் கட்டுத்தறி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லுயிர்ப் பாதுகாப்பு குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். காடழிப்பு, ஆக்கிரமிப்பு, அயல் தாவரங்களின் பரவல், பருவநிலை மாற்றம் என்று அதில் சொல்லப்பட்ட காரணங்கள் எவற்றோடும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும், சத்தியமங்கலம் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். நம் நாட்டில் ஒரு பறவையினம் ஏறத்தாழ முழுவதுமாகத் துடைத்தெறியப்பட்டதற்கு, என் போன்றோர் மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற பையில் இருந்த ஒரு வலி மருந்தே காரணம். பழந்தமிழ் பாறு என்றும் இன்றைய பேச்சு வழக்கு பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்லும் பறவையைப் பற்றியே இக்கடிதம்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் மாட்டுக்கு வலி, காய்ச்சல், வீக்கம் என்றால் எங்கள் கையில் இருந்த மருந்துகள் மிகச் சில. 1990-களில் டைக்ளோஃபினாக் ஊசி கால்நடைச் சிகிச்சைக்கு வந்தபோது அதை ஒரு வரமாகவே கருதினோம். மடிநோயில் மடி கல்லாக இறுகிப் பாலுக்குப் பதில் சீழ் வரும் பசு, கன்று போட்டபின் எழ முடியாமல் படுத்துவிட்ட எருமை, ஏர் உழுது கால் வீங்கிய காளை என எதற்குப் போட்டாலும் சில மணி நேரத்தில் மாடு தலையைத் தூக்கித் தீனியை மோந்து பார்க்கும். மறுமுறை போகும்போது, "ஏனுங்க டாக்டரய்யா, போன வாட்டி போட்டீங்களே, அந்த ஊசியே போட்டுடுங்க, அதுதான் ஒடனே கேக்குது" என்று விவசாயியே சொல்வார். விலையும் மலிவு. எத்தனை மாடுகளுக்கு அதைப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

எல்லா மாடும் பிழைப்பதில்லை. ஊசி போட்ட இரண்டொரு நாளில் சில மாடுகள் இறந்துபோகும். நோய் முற்றியபின் கூப்பிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம் என்பதால், மருந்து உடலில் இருக்கும்போதே இறக்கும் மாடுகள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அந்த நாள்களில் இறந்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள். தோலை உரிப்பவர் உரித்துக்கொண்டு போவார். மற்றதைப் பாறுகள் பார்த்துக்கொள்ளும். ஒரு மாட்டைச் சுற்றி நாற்பது, ஐம்பது பாறுகள் இறங்கி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூட்டை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவ்வாறு இறங்கிய கூட்டத்துக்கு நாங்கள் போட்ட ஊசி நஞ்சாக முடியும் என்பது எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.

பாறுகளின் சரிவை முதலில் கண்டவர்களில் ஒருவர் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980-களில் தாம் எண்ணிய பாறுகளை 1990-களில் மீண்டும் எண்ணப் போனபோது கூடுகள் வெறுமையாகவும், இருந்த பறவைகள் கழுத்தைத் தொங்கப் போட்டபடி மரத்தில் அமர்ந்திருப்பதாகவும் அவர் கண்டார். ஏதோ தொற்றுநோய் என்றுதான் பல ஆண்டுகள் எண்ணப்பட்டது. 2004-இல், பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்பவரின் குழு, அவற்றின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபினாக்கின் எச்சம் இருப்பதைக் காட்டியது. மருந்து ஏறிய இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் இரத்தத்தில் தேங்கி உள்ளுறுப்புகளின் மேல் படியும். சில நாள்களில் பறவை இறக்கும். அப்படி இறந்த ஒரு பாறின் கூறாய்வுப் படத்தை ஒரு பயிற்சி வகுப்பில் எங்களுக்குக் காட்டினார்கள். ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பூச்சு. கோழிகளில் அதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

சரிவின் அளவு நம்புவதற்கு அரியது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கெடுப்புகள் காட்டின. அதாவது ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான இன்னோர் இனமும் சுமார் 97 விழுக்காடு குறைந்தன. இத்தனை பெரிய அழிவுக்கு எல்லா மாட்டுக்கும் மருந்து ஏறியிருக்க வேண்டும் என்று தோன்றும். உண்மை அதுவன்று. பாறுகளுக்குக் கிடைக்கும் மாட்டுடல்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த வேகத்தில் இனம் அழியும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். காரணம் பாறின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. ஒரே பிணத்தின் மேல் ஒரு பெருங்கூட்டமே இறங்குகிறது. ஆகவே ஒரு நஞ்சு மாடு பல பறவைகளைக் கொல்கிறது. ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு இனப்பெருக்க வயதை அடைய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே இழப்பை ஈடுகட்ட வழியில்லை. காக்கையோ மைனாவோ இதே இழப்பிலிருந்து சில ஆண்டுகளில் மீண்டுவிடும்.

பிணம் தின்னும் பறவை போனால் போகட்டுமே என்று நினைப்பவர்கள் உண்டு. என்னிடமே நேரில் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் அழகையோ அறத்தையோ சொல்வதில்லை; வெறிநாய்க்கடியைச் சொல்வேன். பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. நாம் தொட அஞ்சும் அழுகல் இறைச்சியையும் அதிலுள்ள கிருமிகளையும் அது செரித்துவிடும். பாறு இல்லாத இடத்தில் மாட்டுடல் நாள்கணக்கில் கிடந்து அழுகியது, நாய்கள் பெருகின. பாறுகள் அழிந்த காலத்தில் இந்தியாவில் நாய்களின் எண்ணிக்கை குறைந்தது 55 லட்சம் கூடியதாக ஓர் ஆய்வு கணித்தது. பாறுகள் மிகுதியாக இருந்து மறைந்த மாவட்டங்களையும், முன்பே பாறுகள் குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000-க்கும் 2005-க்கும் இடையில் ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று 2024-இல் இரு பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. தெருநாய்ப் பிரச்சினை பற்றித் தங்கள் நாளிதழில் வாரந்தோறும் கடிதங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றிலேனும் பாறு என்ற சொல் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

தமிழ் நாட்டுக்குப் பாறு அந்நியமன்று. சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னைத் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துச் சென்றார். உச்சி வேளையில் பாறை மேல் அமர்ந்து அர்ச்சகர் கிண்ணத்தைத் தட்ட, வானத்தில் எங்கோ புள்ளியாகத் தெரிந்த இரண்டு வெள்ளைப் பறவைகள் தாழ்ந்து வந்து இறங்கி, பொங்கலைத் தின்று, அலகைப் பாறையில் துடைத்துவிட்டுப் பறந்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவை மஞ்சள்முகப் பாறுகள் என்பதும் பாறு இனத்தில் சிறியவை என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. 1990-களுக்குப் பின் அவை வருவதில்லை. கலிகாலம் அதற்குக் காரணம் என்று அங்குள்ள பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. என் பையில் இருந்த மருந்தைச் சொல்லவும் துணிவு வரவில்லை. அந்தக் குறிப்பிட்ட இணை எதனால் வராமல் போயிற்று என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் நாடு முழுவதும் அவ்வினமும் வேகமாகக் குறைந்தது என்பது பதிவான செய்தி.

இன்று தென்னிந்தியாவில் பாறுகள் கூட்டமாக எஞ்சியிருக்கும் இடம் மாயாறு பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய சீகூர் மேட்டுநிலமும்தான். முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு என நான்கு பக்கமும் காப்புக்காடு. ஓடைக்கரையில் ஓங்கி நிற்கும் நீர்மத்தி மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. செங்குத்தான பாறை முகட்டில் கருங்கழுத்துப் பாறுகள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செம்முகப் பாறு. தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில வனத்துறைகள் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 2023-இன் தொடக்கத்தில் 246 பாறுகளும், அவ்வாண்டு இறுதியில் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் 320 பாறுகளும் மதிப்பிடப்பட்டன. எண்ணிய இடங்களும் கூடியிருப்பதால் எண்ணிக்கை கூடியதாலேயே இனம் பெருகிவிட்டது என்று கொள்ள நான் தயங்குவேன். இருந்தாலும் அழியவில்லை என்பதே பெரிது.

ஏன் இங்கு மட்டும் அழியவில்லை என்ற கேள்விக்கான விடையில்தான் என் கடிதத்தின் சாரம் உள்ளது. மாயாற்றுப் பாறுகள் பெரும்பாலும் புலியும் செந்நாயும் அடித்துப் போட்ட கடமான், புள்ளிமான், காட்டெருது ஆகியவற்றின் மிச்சத்தைத் தின்று வாழ்கின்றன. கடமானுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. ஆக, இங்கே பாறுகளைக் காப்பது மருந்து படாத இறைச்சி. ஆனால் பாறுக்கு வேலி கிடையாது. காலையில் வெயில் ஏறிக் காற்று சூடானதும் வட்டமிட்டு மேலேறும் பாறு, ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று திரும்பவல்லது. மாயாற்றை நடுவாக வைத்து நூறு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், நீலகிரியோடு கோவை, திருப்பூர், ஈரோடு, மைசூரு, சாமராஜநகர், வயநாடு எல்லாம் அதனுள் வந்துவிடும். இந்த வட்டத்துக்குள் எத்தனை லட்சம் மாடுகள், எத்தனை மருந்துக்கடைகள் என்று எண்ணிப் பாருங்கள். காட்டுக்குள் எவ்வளவு காவல் போட்டாலும், இந்த வட்டத்திலுள்ள கட்டுத்தறிகளில் என்ன ஊசி ஏறுகிறது என்பதே பாறின் ஆயுளை முடிவு செய்கிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2006-இல் டைக்ளோஃபினாக் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் மெலாக்சிகாம் என்னும் மாற்று வலி மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று ஆய்வு உறுதி செய்தது. ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி குப்பிகளில் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி குப்பி யாருக்காகச் செய்யப்பட்டது என்பது தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 2015-இல்தான் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி ஒற்றை வேளைக் குப்பியில் மட்டுமே விற்கலாம் என்று மத்திய அரசு வரையறுத்தது. அதை எதிர்த்து மருந்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கை 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஓட்டை ஒன்றை அடைக்க ஒன்பது ஆண்டுகளும், அடைத்ததைக் காக்க மேலும் இரண்டு ஆண்டுகளும் ஆயின.

அதற்குள் வேறு வலி மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010 அளவிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு அதே கடை நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வங்கதேசம் 2021-இல் கீட்டோபுரோஃபெனைத் தடை செய்தது. நாம் இவ்விரண்டையும் 2023-இல் தடை செய்தோம். நிமெசுலைடு என்ற இன்னொரு வலி மருந்து 2024 டிசம்பர் இறுதியில் தடை செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான்: மருந்து சந்தைக்கு வருகிறது, பல ஆண்டுகள் பயன்படுகிறது, பாறு சாகிறது, யாரோ செத்த பாறுகளைத் தேடிப் பிடித்து அறுத்துப் பார்த்து ஆய்வு எழுதுகிறார்கள், வழக்கு, குழு, பரிந்துரை எல்லாம் முடிந்து தடை வருவதற்குள் அடுத்த மருந்து வந்துவிடுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள். மாட்டுக்கான எந்த வலி மருந்தும் பாறுக்குத் தீங்கற்றது என்று சோதனையில் தெளிந்த பின்னரே உரிமம் பெற வேண்டும். சோதித்துக் காட்டும் பொறுப்பும் செலவும் மருந்தை விற்று ஆதாயம் பெறுபவரைச் சேர வேண்டும். இன்று அந்தச் சுமையைச் சுமப்பவர்கள் பறவை ஆய்வாளர்கள். 2020 முதல் 2025 வரையிலான பாறு பாதுகாப்புச் செயல்திட்டத்தில், ஒரு மருந்து பாறுக்கு நஞ்சு என்று தெரிந்தவுடன் அது கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தானாகவே நீங்கும் ஏற்பாடு வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே எழுதியிருந்தது. திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. நீங்கிய மருந்துகள் ஒவ்வொன்றும் நீண்ட இழுபறிக்குப் பின் தனித்தனி அறிவிக்கையால்தான் நீங்கின. தீங்கற்றவை என்று தெளிந்த மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் கையில் இருக்கும்போது, சோதிக்கப்படாத ஒன்றைச் சந்தையில் விட்டுவைக்க மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மெலாக்சிகாமை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவன் நான்; தொடக்கத்தில் விலை கூடுதலாக இருந்தது; பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியபின் அந்தக் குறையும் போய்விட்டது.

அடுத்தது மருந்துக்கடை. சென்ற ஆண்டு, பேரூர் ஒன்றில் என் சொந்தத் தேவைக்காக ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து, "மாட்டுக்குக் கால் வீக்கமுங்க, நல்லதா ஊசி குடுங்க" என்றார். கடைக்காரப் பையன் சீட்டு கேட்கவில்லை. டைக்ளோஃபினாக் 3 மில்லிக் குப்பிகள் ஐந்தை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். மாட்டின் எடைக்குக் கணக்குப் போட்டு ஐந்து என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் குறுக்கிட்டு அது தடை செய்யப்பட்ட பயன்பாடு என்றேன். "இது மனுஷனுக்கு உள்ளதுதாங்க சார், தடையெல்லாம் மாட்டு மருந்துக்குத்தான்" என்று பதில் வந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். வாங்க வந்தவரோ, கால்நடை மருந்தகம் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகவும் மதியத்துக்கு மேல் போனால் யாரும் இருக்க மாட்டார்கள் என்றும் என்னிடம் நியாயம் பேசினார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மருந்து ஆய்வாளர்கள் கடைகளைச் சோதிப்பது தேவைதான். ஆனால் மருத்துவர் கைக்கு எட்டாத ஊரில் கடைக்காரர்தான் மருத்துவர் என்பதை ஏற்றுக்கொண்டு, மாட்டுக்கு என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுக்கலாம் என்ற ஒரு அட்டையையாவது ஒவ்வொரு கடையின் சுவரிலும் தமிழில் தொங்கவிட வேண்டும். மாயாற்றைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் இதைத் தொடங்கினால் போதும். மலிவான வேலை, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

மருந்துக்கு அடுத்த கேடு நஞ்சு. புலி ஒரு மாட்டை அடித்தால், இழப்பீட்டுக்கான சான்றிதழ் எழுத என் போன்றோரைத்தான் கூப்பிடுவார்கள். கழுத்தில் பல் பதிந்த ஆழத்தை அளந்து, பின்தொடை தின்னப்பட்டிருப்பதைக் குறித்து, படம் எடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறும்போது, மாட்டுக்குச் சொந்தக்காரர் பின்னாலேயே வந்து காசு எப்போது வரும் என்று கேட்பார். ஒரு மாதம் என்று நான் சொல்லி ஒரு வருடம் ஆன நிகழ்வும் உண்டு. கறவை மாடு ஒன்றே வருமானம் என்றிருக்கும் வீட்டில் அந்த ஒரு வருடம் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி பகுதியில் இரண்டு புலிகள் இறந்து கிடந்ததையும், அருகில் கிடந்த பசுவின் உடலில் பூச்சிக்கொல்லி தடவப்பட்டிருந்ததையும் தங்கள் நாளிதழ் வெளியிட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய உடலில் புலிக்கு முன்பே பாறு இறங்கினால் ஒரு கூட்டமே சாகும். குற்றத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சான்றிதழ் எழுதிய வாரத்துக்குள் பணம் வங்கியில் விழுமானால், பூச்சிக்கொல்லிக் குப்பியைத் திறக்கும் கை பெரும்பாலும் நின்றுவிடும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

பாறுகளுக்கு உணவு வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. காட்டில் இறந்த விலங்கைக் கூறாய்வு செய்தபின் குழி தோண்டிப் புதைப்பதோ எரிப்பதோ நெடுநாள் வழக்கமாக இருந்தது. அடைப்பான் நோயில் இறந்ததாக ஐயம் இருந்தால் உடலைத் திறக்கவே கூடாது, எரிக்கத்தான் வேண்டும். தந்தத்துக்கும் நகத்துக்கும் காவலும் வேண்டும். அவ்வகை ஐயம் எதுவும் இல்லாத யானையையும் காட்டெருதையும் மண்ணுக்குள் போடுவது பாறின் தட்டைப் பிடுங்குவது. சில சரகங்களில் இப்போது உடலைத் திறந்த வெளியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது எங்கும் வழக்கமாக வேண்டும். இதோடு சேர்ந்த இன்னொன்று, வெட்டவெளி. பாறு கனத்த பறவை. இறங்கவும் ஓடி எழவும் திறந்த இடம் வேண்டும். பள்ளத்தாக்கில் சீமைக் கருவேலமும் மேட்டில் உண்ணிச்செடியும் மண்டிய இடங்களில் பிணம் கிடந்தாலும் அதனால் இறங்க முடிவதில்லை. அயல் தாவரங்களை அகற்றும் பணி நடந்து வருவதால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

நேபாளத்தில் நவல்பராசி மாவட்டத்துப் பிதௌலி என்னும் ஊரில் 2006 முதல் நடந்துவரும் முறை ஒன்று உண்டு. உழைத்து ஓய்ந்த மாடுகளை ஊரார் ஓரிடத்தில் வைத்துப் பராமரித்து, தீங்கான மருந்து எதுவும் போடாமல், அவை தாமாக இறந்தபின் பாறுகளுக்கு உணவாக வைக்கிறார்கள். அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள், ஊருக்கும் வருவாய். இதை அப்படியே இங்கு கொண்டுவர முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நம் பக்கத்தில் கிழட்டு மாடு பெரும்பாலும் சந்தைக்குப் போய்விடுகிறது. செத்த மாட்டை ஊர் ஓரத்தில் போட்டால் நாற்றம் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சண்டைக்கு வருவார். ஆனால் அந்தியூரை அடுத்த பர்கூர் மலை போன்ற இடங்களில், காட்டோரப் பட்டிகளில் வளரும் மாடுகளுக்கு மருந்தே அரிதாகத்தான் போகிறது. அங்குள்ள மாடு வளர்ப்போரைக் கூப்பிட்டு வைத்துப் பேசினால் ஏதேனும் வழி பிறக்கும். பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் எழுதப்பட வேண்டும். நான் பார்த்த இரண்டு பதிவேடுகளில் மூலிகைகளின் பெயர்களும் பறவைகளின் பெயர்களும் நிறைய இருந்தன. ஊரில் ஆண்டுக்கு எத்தனை மாடுகள் சாகின்றன, அவற்றை என்ன செய்கிறார்கள், அவற்றுக்குக் கடைசியாகப் போட்ட மருந்து எது என்ற மூன்று கேள்விகளுக்கு அவற்றில் இடமே இல்லை. பாறு வந்து போகும் ஊர்களிலாவது இம்மூன்றையும் சேர்க்கலாம். கூட்டுறவுப் பால் சங்கத்தில் பால் ஊற்ற வருபவர்களைக் கேட்டாலே கிடைத்துவிடும் செய்தி அது.

தமிழக அரசு 2022-இல் பாறு பாதுகாப்புக்கென மாநில அளவிலான குழு ஒன்றை அமைத்தது வரவேற்கத்தக்கது. அதில் வனத்துறையோடு கால்நடைத் துறைக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் சம பொறுப்பு இருக்க வேண்டும். ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் நிலையம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரிய பணி செய்துவருகிறது. ஆனால் அங்கு வளர்த்த பறவையைத் திறந்து விடும் அன்று அது இறங்கப்போகும் முதல் மாட்டில் என்ன மருந்து இருக்கும் என்று உறுதி சொல்ல வனத்துறையால் முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் என் துறையினர். இளம் மருத்துவர்கள் பலருக்கு இதில் அக்கறை இருப்பதைக் காண்கிறேன். எங்கள் தலைமுறைக்கு இல்லாத தெளிவு அவர்களுக்கு இருக்கிறது.

கடைசியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வேளாண்மைப் பக்கத்தில் வரும் கால்நடை வளர்ப்புக் குறிப்புகளை விவசாயிகள் வெட்டி வைத்துக்கொள்வதை நான் வீடுகளில் பார்த்திருக்கிறேன். மடிநோய்க்கும் கால் வீக்கத்துக்கும் அக்குறிப்புகளில், "வலி நிவாரணி ஊசி போடவும்" என்று பொதுவாக எழுதப்படுகிறது. அந்த இடத்தில், மருத்துவரைக் கேட்டு மெலாக்சிகாம் போடவும் என்று பெயரைக் குறிப்பிட்டு எழுதுமாறு குறிப்பு எழுதுபவர்களிடம் சொல்லுங்கள். அதன் கீழே டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், நிமெசுலைடு ஆகிய நான்கும் மாட்டுக்குத் தடை செய்யப்பட்டவை என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
சத்தியமங்கலம்.